இடது கைப் புரி

சாலவாக்கம்
20-1-1974

அன்புள்ள தம்பி ராஜாராமுக்கு அக்கா பவளம் எழுதுவது. பொங்கல் ஆயிற்று. மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்தோம். எல்லாரும் நலம் என்றுதான் கடிதத்தில் எழுத வேண்டும், அதனால் எல்லாரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பூட்டான் குளிருக்கு மார்ச்சளி கட்டிக்கொள்ளும் என்கிறார்கள், பார்த்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் மாமா சைனா சண்டையில் காணாமல் போய் வருகிற கார்த்திகையோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. என் கொழுந்தன் பெருமாள் நேற்று மாட்டைக் கட்டிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணி, பன்னெண்டு வருசம் பாத்தாச்சி. இந்தக் கார்த்திகைல கருமாதி பண்ணிடலாம்னு ஐயரு சொல்லிக்கீறாரு. அது ஆவாம அம்முலு கல்யாணம் பண்ணக் கூடாதாம். நீங்க இன்னா சொல்றீங்க?" என்றான்.

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கிக்கொண்டே சரி என்றேன். அவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒரு தபா பண்ணிட்டா அப்பறம் அண்ணனே வந்து வாசல்ல நின்னாலும் வூட்டுக்குள்ள சேக்க முடியாது. நல்லா ரோசன பண்ணிக்கோங்க" என்றான். யோசிக்க என்ன இருக்கிறது? நான் கல்யாணமாகி வந்தபோது நாத்தனார் அம்முலு மூன்று வயசுக் குழந்தை. மாமியார் போன பிறகு நான் வளர்த்த பெண். அவளுக்குப் பதினேழு ஆகிவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. பட்டாளத்திலிருந்து 'காணவில்லை' என்று காகிதம் வந்த அன்றைக்கும் வரவில்லை. மரத்த கால் மாதிரி இருக்கிறேன், கிள்ளினால் யாருடைய காலோ என்றிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். தாலியைக் கழற்றுவதற்கு முன் அந்த மலையை ஒரு முறை பார்க்க வேண்டும். தேடுவதற்கு இல்லை. செத்த மாட்டைக்கூட எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தானே புதைக்கிறோம்? நீ அந்தப் பக்கம்தானே ரோடு போடுகிற கேம்பில் ஜீப் ஓட்டுகிறாய். என்னை அழைத்துப் போக முடியுமா?

பவளம்

•

தாஷிகாங் ரோடு கேம்ப், பூட்டான்
16-2-1974

அக்காவுக்கு ராஜாராமின் வணக்கம். நான் சௌக்கியம். சளியும் சௌக்கியமாக இருக்கிறது. பெருமாள் அண்ணனையும் அம்முலுவையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை. அப்புறம் யோசித்தேன், நீ கேட்டது நல்லதுதான். அழைத்துப் போகிறேன் அக்கா. ஆவணியில் எனக்கு லீவு. ஊருக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறேன். புரட்டாசி பாதிக்குமேல் இங்கே மழை நின்று வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். வழியைச் சொல்கிறேன், கேள்.

மெட்ராஸில் ஹவுரா மெயில். இரண்டு ராத்திரி. அங்கிருந்து அஸ்ஸாம் வண்டி, நடுவில் ஒரு இடத்தில் மாற வேண்டும். ரங்கியாவில் இறங்கி பஸ். பஸ் போய் நிற்கிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய வாசல், பூவும் பாம்பும் வரைந்திருப்பார்கள். அதுதான் எல்லை. இந்தப் பக்கம் நம் தேசம், ஒரு எட்டு வைத்தால் அவர்கள் தேசம். அதற்குச் சீட்டு வாங்க வேண்டும், அது என் பொறுப்பு. அதற்கப்புறம் நம் ஜீப்.

மலை ரோடு இரண்டு நாள். முதல் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருப்போம். மேகம் ஜீப்புக்குள் வந்துவிட்டுப் போகும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. பயந்தால் மலைப் பக்கம் உட்கார்ந்துகொள். பங்குனியில் வந்தால் மலை முழுக்கச் சிவப்புப் பூ, அது உனக்குக் கிடைக்காது. தாஷிகாங் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நின்றால் கிழக்கே தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்தான் சண்டை நடந்தது. தப்பியவர்கள் காடு வழியாக இந்தப் பக்கம்தான் இறங்கினார்கள் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். அந்த வளைவில் ஜீப்பை நிறுத்துகிறேன். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்.

தம்பி ராஜாராம்

•

சாலவாக்கம்
28-4-1974

தம்பி ராஜாராமுக்கு ஆசிகள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி நலம். நீ நலமா?

அம்முலு ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், "எங்கண்ணி வேற தேசத்துக்குப் போவுது" என்று. உத்திரமேரூர் சந்தைக்குப் போனால் காய்கறிக்காரி கேட்கிறாள், எந்த தேசம் என்று. மெட்ராஸையே நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தகரப் பெட்டி வாங்கியிருக்கிறேன், சின்னது. கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ரயிலில் ஐந்து நாளைக்குக் கட்டுச்சோறு தாங்காது, புளிக்காய்ச்சலும் அவலும் எடுத்துக்கொள்ளட்டுமா? அங்கே எல்லையில் போலீஸ்காரர்கள் புருஷன் பேர் கேட்பார்களா? கேட்டால் நீ சொல்லு. நான் அவர் பேரை வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. அந்த வளைவில் காற்று பலமாக அடிக்குமா? விளக்கு ஏற்றினால் நிற்குமா? நிற்காது என்றால் எண்ணெய் கொண்டுவரவில்லை.

ஓரகத்தி ஆதிலட்சுமி நான் பெட்டி அடுக்குவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எனக்கு அடுக்குவது பிடித்திருக்கிறது. கைக்கு வேலை இருக்கிறது.

அக்கா

•

தாஷிகாங் ரோடு கேம்ப்
16-6-1974

அக்காவுக்கு வணக்கம். ரயில் ஸ்டிரைக்கில் உன் கடிதம் எங்கோ படுத்துத் தூங்கிவிட்டு இப்போதுதான் வந்தது. நான் நலம். புது ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் என்று இரண்டு மாசமாக ரோட்டுக்குக் கல் கொட்டிக் கொட்டி இடுப்பு போய்விட்டது.

அவல் கொண்டு வா. புளிக்காய்ச்சல் எனக்காகவே கொண்டு வா. மாமா பேரை நான் சொல்லிக்கொள்கிறேன். காற்று அடிக்கும், கண்ணாடி லாந்தர் என்னிடம் இருக்கிறது.

உனக்கு ஒரு வேடிக்கை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் ஒரு சின்ன ஊர். படிப்படியாக நெல் வயல், நடவு நடக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் மடையைக் கல்லும் புல்லோடு வெட்டிய மண்கட்டியும் வைத்துத்தான் அடைப்பார்கள். ஜீப் டயர் பஞ்சர் ஆகி நான் கீழே தண்ணீர் மொள்ள இறங்கினேன். ஒரே ஒரு வயலில் மட்டும் அச்சு அசல் நம் ஊர் மாதிரி, வைக்கோல் புரி முறுக்கி மடித்துத் திணித்து, மேலே களிமண் அப்பிக் குதிகாலால் மிதித்திருந்தது. நம் ஏரிக்குக் கீழே நிற்கிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. நம் பக்கத்துக் கூலியாள் எவனோ சொல்லிக்கொடுத்திருப்பான். நீ வரும்போது காட்டுகிறேன்.

ராஜாராம்

•

சாலவாக்கம்
2-7-1974

தம்பிக்கு. நலம், நலம் அறிய ஆவல்.

அந்தப் புரி எந்தப் பக்கம் முறுக்கியிருந்தது?

நீ சின்னப் பையன், உனக்கு ஞாபகம் இருக்காது. உன் மாமா பீச்சாங்கைக்காரர். அவர் முறுக்கினால் எல்லாரும் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கம் போகும். அவர் அடைத்த மடையைத் திறக்கப் போகிறவன் வழக்கம்போலத் திருப்புவான், அது இன்னும் இறுகும். "பீச்சாங்கையான் கட்டன மடைடா இது" என்று திட்டிக்கொண்டே திறப்பார்கள். இந்த ஏரிப் பாசனத்தில் அப்படி முறுக்குகிறவர் அவர் ஒருத்தர்தான்.

போய்ப் பார். எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதினால் போதும்.

பவளம்

•

தாஷிகாங் ரோடு கேம்ப்
20-9-1974

அக்காவுக்கு. நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

இந்த வருஷம் மழை அதிகம். மூன்று இடத்தில் மலை சரிந்து ரோடு போய்விட்டது. லீவை ரத்து செய்துவிட்டார்கள், அதனால்தான் ஆவணியில் வர முடியவில்லை. சீட்டும் கிடைக்காது போல் இருக்கிறது. பெண்பிள்ளைகளை இந்த ரோட்டில் அழைத்து வருவதும் சரியில்லை. நீ வர வேண்டாம் அக்கா. பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் கல்லும் மரமும்தான்.

நீ கேட்டதைப் பார்க்க முடியவில்லை. மழையில் எல்லாம் கரைந்துவிட்டது.

ராஜாராம்

•

சாலவாக்கம்
5-10-1974

தம்பிக்கு. இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. நலம்.

கரைந்துவிட்டது என்றால் சரி. தகரப் பெட்டியில் இப்போது அம்முலுவின் புடவைகளை வைத்திருக்கிறேன். மாகறல் பக்கத்தில் பையன், பேச்சு முடிந்துவிட்டது. தையில் கல்யாணம்.

ஒரு புரியைப் பார்த்து எழுத உனக்கு எண்பது நாள் ஆயிற்று. முன்பெல்லாம் மலை சரிந்தால் எந்த இடம், எத்தனை ஆள், என்ன சாப்பிட்டீர்கள் என்று நாலு பக்கம் எழுதுவாய். இந்தக் கடிதத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் நலம்தானே?

பவளம்

•

தாஷிகாங் ரோடு கேம்ப்
26-10-1974

அக்காவுக்கு வணக்கம். நலம்.

கருமாதியை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல். பெருமாள் அண்ணனிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். ஏன் என்று என்னைக் கேட்காதே.

ராஜாராம்

•

சாலவாக்கம்
15-11-1974

தம்பிக்கு. எல்லாரும் நலம்.

காரணம் இல்லாமல் தள்ளச் சொன்னால் பெருமாளிடம் என்னவென்று சொல்வது? தள்ளினால் பையன் வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள். கார்த்திகை அமாவாசை, டிசம்பர் பதிமூன்று, வெள்ளிக்கிழமை. திருப்புட்குழிக் குளக்கரையில். உடம்பு கிடைக்காதவனுக்கு அதுதான் இடமாம், ராமர் ஒரு பறவைக்கே அங்கே காரியம் செய்திருக்கிறார் என்கிறார் ஐயர். பன்னிரண்டு வருஷத்துச் சாவுக்குத் தீட்டு மூன்று நாள்தான், தையில் கல்யாணம் வைக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

எழுத ஏதாவது இருந்தால் அதற்குள் எழுது. இல்லையென்றால் இனிமேல் எழுத வேண்டாம். நான் கோபமாக இல்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும்.

பவளம்

•

தாஷிகாங் ரோடு கேம்ப்
3-12-1974

அக்கா,

இதைத் தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. ரங்கியா போகிற டிரைவரிடம் கொடுத்து, அங்கிருந்தே ஒரு தந்தியும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இடது கைப் புரிதான் அக்கா. ஜூலையிலேயே பார்த்தேன். வயல் வரப்பில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் மண்வெட்டியோடு நொண்டிக்கொண்டு வந்தார். அந்த ஊர் உடுப்பு, தாடி. என்னை அவருக்குத் தெரிந்துவிட்டது, என் முகம் உன் முகம்தானே. "இன்னாத்துக்குடா வந்த?" என்றார். மாமா முதலில் கேட்டது அதுதான்.

சண்டையில் எல்லாரும் சாகும்போது ஓடிவிட்டாராம். "திரும்பிப் போனா ஜெயில்ல போட்ருவாங்கன்னு பயம். பனில கால் வெரலு நாலு பூட்ச்சி. இந்த வூட்ல ஒருத்தி படுக்க வெச்சி சோறு போட்டா. அப்படியே தங்கிட்டேன்" என்றார். எட்டு வயசில் ஒரு பெண், ஐந்து வயசில் ஒரு பையன். பையன் இடது கையால் கல் எறிகிறான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நம் அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் உனக்குப் பொய் எழுதினேன்.

போன வாரம் மறுபடி போய் கருமாதி விஷயத்தைச் சொன்னேன். அவர் போய் மடையைத் திறந்துவிட்டு வந்தார். நான் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்து, "ஏரி ரொம்பிச்சா?" என்று கேட்டார்.

உன்னைப் பற்றிக் கேட்கவில்லை அக்கா. கேட்டார் என்று எழுதலாம் என்று இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முடியவில்லை.

உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதி செய்யக் கூடாது. நிறுத்திவிடு.

ராஜாராம்

•

சாலவாக்கம்
22-12-1974

அன்புள்ள தம்பி ராஜாராமுக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நலமாக இரு.

உன் கடிதம் பதினெட்டாம் தேதிதான் வந்தது. அதற்குள் காரியம் முடிந்து ஐந்து நாள். ஆனால் தந்தி பத்தாம் தேதியே வந்துவிட்டது. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

நான் கழனியில் இருந்தேன். தபால்காரர் சேட்டு சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்து படித்தார். "'கருமாதிய நிறுத்து, லெட்டர் பின்னால வருது'ன்னு கீதும்மா. இன்னா சமாச்சாரம்?" என்றார். நான் தந்தியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "எங்க வூட்ல கேட்டா, தம்பிக்கு லீவு கெடைக்கலன்னு வந்துக்கீதுன்னு சொல்லுங்க" என்றேன். "பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்றார். தந்தி என் பேருக்குத்தானே வந்திருக்கிறது என்றேன். சேட்டு சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, சரிம்மா என்று போய்விட்டார்.

தந்தியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்காதே. நீ பதில் போடாத அந்த எண்பது நாளில், ஒவ்வொரு நாளாகத் தெரிந்தது.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெருமாள் அன்றைக்கே கிளம்பி வந்து அவரை இழுத்துக்கொண்டு வருவான். அங்கே இரண்டு குழந்தைகள் நடுத்தெருவில் நிற்கும், இங்கே நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு எதிரில் நிற்பேன். செத்தவர் வருவார் என்று பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன், அது என்னால் முடிந்தது. உயிரோடு இருந்து வராதவருக்கு எப்படிக் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திருப்புட்குழிக் குளத்தில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. உடம்புக்குப் பதிலாகத் தர்ப்பையில் ஆள் செய்ய வேண்டும் என்றார் ஐயர். தர்ப்பை ஒரு பிடிதான் கிடைத்தது. மீதிக்கு வைக்கோல் வைத்துக் கட்டலாம் என்றார். பெருமாள் புரி முறுக்கப் போனான். நான் வாங்கி நானே முறுக்கினேன், இடது பக்கமாக. ஆள் அவராக இருக்க வேண்டாமா? பெருமாள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் கறவைக்குத் தண்ணீர் காட்டினார்களோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாலியைக் கழற்றும்போதும் அதே நினைப்புதான்.

இருசப்பன். உன் மாமா பேரை இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். இனிமேல் எழுதலாம், தடையில்லை. எழுதினால் என்னவோ ஆகும் என்று நினைத்திருந்தேன், மற்ற பேர்களைப் போலத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தில் எல்லாவற்றையும் படித்தேன். விரல் போனது, அந்தப் பெண்பிள்ளை, குழந்தைகள், எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஏரியைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்குத்தான் வலித்தது. மாட்டுக் கொட்டகையில் போய் நின்றுகொண்டு அழுதேன். சத்தம் போட்டு அழுதிருக்கிறேன் போல, எனக்கே தெரியவில்லை. அம்முலு ஓடி வந்தாள். "உடு, அய்வட்டும். பன்னெண்டு வருசத்துது இப்பத்தான் வெளிய வருது" என்று ஆதிலட்சுமி அவளைத் தடுத்தாள். அவர்கள் செத்தவருக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் சரிதான்.

என்னைக் கேட்டார் என்று நீ பொய் எழுதாமல் விட்டதற்கு உன் மேல் எனக்குப் பாசம்தான் கூடியிருக்கிறது. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் இதைப் படித்துவிட்டு எரித்துவிடு.

தை இருபதில் அம்முலு கல்யாணம். நான் முன்னால் நிற்கக் கூடாது. "எங்கண்ணி பக்கத்துல இல்லாம மணைல உக்கார மாட்டேன்" என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள், கொஞ்சம் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் புடவைகள் போனதும் தகரப் பெட்டி காலியாகிவிடும். பங்குனியில் நான் வருகிறேன். சிவப்புப் பூ அப்போதுதான் என்று நீதானே எழுதினாய். சீட்டு வாங்கி வை. எல்லையில் புருஷன் பேர் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வளைவில் நிற்க வேண்டாம், இனி அங்கே எனக்கு வேலை இல்லை. லாந்தரும் வேண்டாம். அந்த ஊருக்கு மேலே போகும்போது ஜீப்பை நிறுத்தாதே, வேகத்தையும் குறைக்காதே. எந்த ஊர் என்றும் என்னிடம் சொல்லாதே. மலைப் பக்கம் உட்காரச் சொன்னாய், நான் பள்ளத்துப் பக்கமே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏரி இந்த வருஷம் பாதிதான். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கம்பளி ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று எழுது.

உன் அக்கா
பவளம்